கண்ணாடியில்லாமல் படித்த நோயாளி

மருத்துவராகப் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஆவடி முதல் பூந்தமல்லி வரை, மழைக்காலம் தொடங்கிவிட்டால், நம் மருத்துவமனைகளில் ஒரே ஒரு நோய்தான் புழக்கத்தில் இருக்கும். காய்ச்சல் இருந்தால் அது டெங்கு. காய்ச்சல் விட்டிருந்தால் விட்டுப்போன டெங்கு. பரிசோதனையில் இல்லை என்று வந்தால், பரிசோதனைக்குப் பிடிபடாத டெங்கு. இத்தனை விசுவாசத்தை நம்மில் பலர் சொந்தக் குடும்பத்தாரிடம்கூடக் காட்டியதில்லை.

டெங்கு பொல்லாத நோய். அதற்கு அஞ்சுவது சரி. நான் கேலி செய்வது அதன் பெயரைச் சொல்லிவிட்டு நாம் போடும் தூக்கத்தை. அந்தத் தூக்கத்திலிருந்து நான் ஒருமுறை எழுப்பப்பட்ட கதையைச் சொல்கிறேன். எழுப்பியவர் மருத்துவரல்லர்; தன் நோயைப் பற்றி எதுவுமே அறியாத, கண் பார்வையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட ஒரு நோயாளி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம். தீபாவளி முடிந்து தெருக்களில் பட்டாசுக் காகிதம் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் நான் பணியாற்றிய தனியார் மருத்துவமனையில் சாதிக் என்பவர் சேர்க்கப்பட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பூந்தமல்லிக்காரர், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு மளிகைக் குடோனில் சூப்பர்வைசர். கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, வயிற்று வலி. பிளேட்லெட் குறைந்திருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அவருடைய மனைவி நூர்ஜகான் படுக்கையருகே இருந்தார். நூர்ஜகானின் தம்பி யூசுப், பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருப்பவர், படுக்கையின் கால்மாட்டில் நிர்வாகம் செய்துகொண்டிருந்தார். மச்சானின் பிளேட்லெட் எண்ணிக்கையை உறவினர்களுக்கு அறிவிக்கவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்திருந்தார். ‘நாற்பதாயிரம்’ என்று அறிவித்தால் அழும் முகங்கள் வந்து குவியும். ‘நாற்பத்திரண்டு’ என்றால் ஊரெல்லாம் வாழ்த்தும். எண்ணும் இயந்திரத்தின் பிழை அந்த இரண்டாயிரத்தைவிடப் பெரியது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாமும் அதே ஸ்கோரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் செவிலியரிடம் “பிளேட்லெட் என்ன?” என்று கேட்கும் வழக்கம் உங்களிடமும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கோர் ஏறவில்லை. ஆகவே சலைன் ஏறிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டராக இருந்த பெண் கெட்டிக்காரி, களைத்துப் போயிருந்தாள். ஒரு பாட்டில் முடிந்தால் அடுத்ததை மாட்டச் சொல்லிவிட்டு அடுத்த டெங்குவிடம் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை சாதிக்கின் வயிற்று வலி கூடியது. வலப்பக்கம் அதிகம் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். ‘அப்பெண்டிக்ஸ் தென்படவில்லை’ என்று முடிவு வந்தது. எங்கள் அறுவை மருத்துவர் திறமைசாலி. கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் மூடிக் கிடக்கும் வயிற்றைக் கண்டால் அவருக்கு மனம் பொறுக்காது. தென்படாத அப்பெண்டிக்ஸ் ஒளிந்திருக்கிறது என்றும், ஒளிந்திருப்பது குற்றமுள்ளதாகத்தான் இருக்கும் என்றும் ஒரு காவல் ஆய்வாளரைப் போல முடிவு கட்டினார். பிளேட்லெட் ஏற்றிவிட்டு மதியமே அறுவை என்று ஏற்பாடாகியது.

நான் ரவுண்ட்ஸ் வந்தது அந்த இடைவெளியில்தான்.

சாதிக் மல்லாந்து படுத்து, செல்போனை முகத்தருகே பிடித்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நூர்ஜகான் எழுந்தார்.

“டாக்டரம்மா, ஒரு நல்ல சேதி. பப்பாளி எல சாறு குடுத்துகினு கீறேன்ல? பாருங்க, கண்ணாடி இல்லாமயே போனு படிக்கிறாரு! கண்ணாடி இல்லாங்காட்டி பேப்பர தலகீழா புடிக்கிற மனுசன்.”

“மெய்யாலுமே டாக்டரம்மா,” என்றார் சாதிக். “பொடி எழுத்துகூட சும்மா பளிச்சுனு தெரீது. ஒடம்பு தான் அடிச்சிப் போட்டாப்புல கீது. கண்ணு மட்டும் புது மாப்ள.”

“வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டேன்,” என்றார் யூசுப். “பூந்தமல்லில இனிமே பப்பாளி மரம் ஒண்ணு மிஞ்சாது.”

அறையே சிரித்தது. டியூட்டி டாக்டரும் சிரித்தாள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். ஆனால் ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குக் காய்ச்சல் இளமையைத் திருப்பித் தருவதாக நான் கேள்விப்பட்டதில்லை. கிட்டத்தில் இருப்பது திடீரென்று தெளிந்தால், தொலைவில் இருப்பது என்னவாயிற்று என்று கேட்க வேண்டும்.

எதிர்ச்சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. “அதில் என்ன போகிறது, பாய்?” என்றேன்.

“இன்னாவோ கலர் கலரா ஓடுது. மூஞ்சி ஒண்ணும் தெர்ல. டிவி ரிப்பேருன்னு நேத்தே சிஸ்டராண்ட சொல்லிட்டேன்.”

செவிலியர் தலையாட்டினார். புகார் உடனடியாகக் கவனிக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் வந்து, டிவியைக் கழற்றிப் பார்த்து, குறையில்லை என்று மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு நோயாளிக்கு டிவி தெரியவில்லை என்றால் டிவியைப் பரிசோதிக்கும் மருத்துவமனையில் நான் பணியாற்றினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நீங்கள் பணியாற்றுவதும் அத்தகையதுதான்.

எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. எலிகளிடமிருந்து பரவும் ஹாண்டா வைரஸ் தாக்கும்போது, குளிர்நாடுகளில் சிலருக்குச் சில நாட்கள் தொலைவில் உள்ளது மங்கிப்போகும். லாரி ஓட்டுபவருக்குச் சாலைப் பலகை தெரியாது. வயதால் கிட்டப்பொருள் தெரியாமல் கண்ணாடி போட்டவருக்கோ அது வரம்போலத் தோன்றும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார். நம் ஊரில் இதை யாரும் தேடுவதில்லை, தேடாததால் கிடைப்பதில்லை, கிடைக்காததால் இல்லை என்று பாடம் நடத்துகிறோம்.

ஆனால் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு நோயைக் கட்டக் கூடாது. ஆகவே எல்லோரையும் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, அவரை அன்றுதான் வந்தவரைப்போல முதலிலிருந்து பார்த்தேன். முகமும் கழுத்தும் வெயிலில் நின்று கருகியதுபோலச் சிவந்திருந்தன. குடோன் வேலை, வெயில்பட்டிருக்கும் என்று முன்பே தீர்ப்பாகியிருந்தது. குடோனுக்குக் கூரை உண்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன, பீளை இல்லை. வயிற்றின் வலக்கீழ்ப் பக்கத்தை மெல்ல அழுத்தினேன். முனகினார்; ஆனால் வயிறு இறுகவில்லை. அவரை உட்கார வைத்து, முதுகில், விலாவுக்குக் கீழே, முஷ்டியால் இலேசாகத் தட்டினேன்.

“யம்மா!” என்று அலறினார். “இன்னா டாக்டரம்மா, சம்மட்டியால அடிக்கிறீங்க?”

மறுபக்கம் தட்டினேன். அங்கும் அதே அலறல். வலி வயிற்றில் பிறக்கவில்லை. பின்னால் சிறுநீரகங்களில் பிறந்து முன்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒன்றுக்கு எவ்வளவு போகிறீர்கள்?”

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “நேத்து காலைல கொஞ்சூண்டு,” என்றார் நூர்ஜகான். “தேத்தண்ணி கலருல. அப்புறம் போவல. ஒண்ணியும் சாப்புடாத ஒடம்பு, எங்கேந்து போவும்னு நெனச்சேன்.”

சாப்பிடவில்லை, உண்மை. ஆனால் பாட்டில் பாட்டிலாகச் சலைன் உள்ளே போயிருந்தது. வெளியே வரவில்லை. அப்படியானால் அது எங்கே? கால்களை அழுத்தினேன், விரல் பதிந்தது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். நுரையீரலின் அடியில் ஈரத் துணியைக் கசக்குவது போன்ற ஓசை கேட்கத் தொடங்கியிருந்தது. இந்நோயில் இரத்தக்குழாய்களே கசிகின்றன. நாம் ஊற்ற ஊற்ற அது நுரையீரலில் தேங்குகிறது. நாங்கள் அந்த மனிதரைக் கரையிலேயே வைத்து மூழ்கடித்துக்கொண்டிருந்தோம்.

“பாய், குடோனில் எலி உண்டா?”

வலியையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்தது. “எலி இல்லாத குடோனு எங்க கீது டாக்டரம்மா? அதுங்க பர்மனன்ட் ஸ்டாஃபு. நாங்கதான் கான்ட்ராக்ட்டு.”

“சமீபத்தில் ஏதாவது அடைத்துக் கிடந்த இடத்தைத் திறந்தீர்களா?”

“தீபாவளி ஸ்டாக்கு எறக்கணும்னு பின்னாடி செட்ட தொறந்தோம். மழைக்கு முந்தியே பூட்டினது. நானும் கூட வேல பாக்குற செல்வமும் பெருக்கினோம். எலிப் புழுக்க மட்டும் கூட கூடயா. ஒரே தூசி, மூஞ்சில கர்சீப்பு கட்டிகினா மூச்சு முட்டுதுனு அவுத்துட்டோம்.”

உலர்ந்த எலிப்புழுக்கையும் சிறுநீரும் கலந்த தூசி. துடைப்பம். மூடிய கொட்டகை. வைரஸுக்கு இதைவிட நல்ல வரவேற்பை யாரும் திட்டமிட்டே செய்ய முடியாது.

அறுவை மருத்துவர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டுப் புன்னகைத்தார், அந்தப் புன்னகையில் என் ஓய்வுபெறும் தேதி தெரிந்தது.

“மேடம், எலின்னா லெப்டோ, எலிக்காய்ச்சல். அதுக்கு ஊசி போட்டுட்டுத்தான் இருக்கோம். கண்ணு மங்குது, அதனால வயித்த தொறக்கக் கூடாதுன்னா எப்படி? நாளைக்கு பல்லு கூசுதுன்னு காலுக்குக் கட்டுப் போடுவீங்களா?”

“ஓர் எலி ஒரு நோயைத்தான் வைத்திருக்கலாம் என்று நம் பாடத்திட்டம் எலிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதா, டாக்டர்? லெப்டோ ஊசி தொடரட்டும். நான் அதையும் விலக்கவில்லை. கத்தி மட்டும் வேண்டாம் என்கிறேன்.”

“அப்பெண்டிக்ஸ் வெடிச்சா?”

“திறந்த பிறகு இரத்தம் நிற்காவிட்டால்?”

“அந்த வைரஸுக்கு டெஸ்ட் பண்ணிட்டீங்களா?”

“இனிமேல்தான் அனுப்ப வேண்டும். முடிவு வரப் பல நாளாகும்.”

“அப்ப இப்போதைக்கு உங்ககிட்ட இருக்கறது ஒரு ரிப்பேர் டிவி.”

நியாயமான அடிதான். உண்மையிலேயே என் கையில் இருந்தது அவ்வளவுதான்: ஒரு டிவி, ஒரு முதுகு, வராத சிறுநீர். நான் தவறாக இருந்தால், உள்ளே அழுகும் குடலோடு ஒரு மனிதர் என் சொல்லை நம்பிப் படுத்திருந்து இறப்பார். நான் சரியாக இருந்து வாய் திறக்காவிட்டால், மேசையிலேயே இறப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது உங்கள் பட்டங்கள் எதுவும் துணைக்கு வராது.

என் ஆசிரியை ஒருவர் சொல்வார்: “நோய்க்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். தொட்டிலிடும் நாளில் வைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் பிள்ளையை நாமே கொன்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.” அன்று நான் அவரை நினைத்தேன். என்ன நோய் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அடுத்த சில மணி நேரத்தில் இவரைக் கொல்லக்கூடியவை எவை? கத்தியும் சலைனும். இரண்டும் எங்கள் கையிலேயே இருந்தன. இரண்டையும் கீழே வைப்பது எங்களால் முடிந்தது.

யூசுப் வாசலை மறித்து நின்றார். “இன்னாமா நடக்குது இங்க? அவரு வெட்டணுங்கிறாரு, நீங்க வேணாங்கிறீங்க. எங்க மச்சான் உசிருமா இது. ஒரே வார்த்த சொல்லுங்க, ஆப்ரேசன் உண்டா இல்லியா? இல்லாங்காட்டி அண்ணா நகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்னு பூடறோம்.”

“இன்று இல்லை,” என்றேன். “வயிற்றை நானே அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். இறுகினால், நானே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவேன். இப்போது வேண்டியது சிறுநீரக மருத்துவர். அழைத்தாகிவிட்டது. பாட்டிலைக் குறைக்கிறோம்.”

“பாட்ல கொறச்சா பிளேட்லெட்டு?”

“பிளேட்லெட்டை மறந்துவிடுங்கள், தம்பி.”

அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்க முடியாதது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மைதானத்து விளக்கை அணைத்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் நூர்ஜகான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். “சும்மா கெட யூசுப்பு. இத்தினி நாளா அவர தொட்டுப் பாத்தது இந்தம்மா ஒருத்திதான்.” அது என் மருத்துவ அறிவின்மேல் வைத்த நம்பிக்கை அல்ல; நான் தொட்டேன் என்பதன்மேல் வைத்த நம்பிக்கை. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. நம் தொழிலுக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையும்கூட.

அறுவை மருத்துவர் பெருந்தன்மையாக ஒத்திவைத்தார். ‘மேடம் பொறுப்பில்’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்ததை வீரகதையாக எண்ணாதீர்கள். சாதிக்கின் இரத்த அழுத்தம் விழுந்தது. அதைத் தாங்க மருந்து கொடுத்தோம். சலைனைக் கஞ்சத்தனமாக, அளந்து விட்டோம். சிறுநீர் முற்றிலும் நின்றது. சில முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன். வயிறு கடைசிவரை இறுகவில்லை. ஒவ்வொரு முறை என் கையை அங்கே வைத்தபோதும், வைப்பதற்கு முந்தைய கணத்தில் நான் தவறு செய்துவிட்டேன் என்றே நம்பினேன். அந்தக் கணம் வராத மருத்துவரிடம் என் உறவினர் யாரையும் அனுப்பமாட்டேன்.

நூர்ஜகான் யூரின் பையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலை நான் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருக்கும்போதே அவருடைய குரல் வார்டை உலுக்கியது.

“டாக்டரம்மா! ஓடியாங்க! போறாரு! தானா போறாரு!”

பை நிறைந்துகொண்டிருந்தது. வெளிறிய, தண்ணீர் போன்ற சிறுநீர். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கைதட்டினார்கள். சாதிக் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். “ஏம்மா, மானம் போவுது. ஆம்பள ஒண்ணுக்குப் போனதுக்கா கை தட்றாங்க?” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. நூர்ஜகான் போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருத்துவர்கள் நோயாளிகளுக்கு முன் அழக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; ஜன்னலுக்கு முன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்தில் சிறுநீர் வெள்ளமாகப் போகும், உடல் வறண்டுவிடும். ஆகவே அத்தனை நாள் நான் அளந்து விட்ட திரவத்தை இப்போது தாராளமாகக் கொடுக்கச் சொன்னேன். “முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க மேடம்,” என்றாள் டியூட்டி டாக்டர். அவள் கேலி செய்யப் பழகியது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. விழித்திருப்பவர்கள்தாம் கேலி செய்வார்கள்.

பிறகு பரிசோதனை முடிவு வந்தது: ஹாண்டா வைரஸ் அண்மையில் தொற்றியதைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தன. “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு,” என்றார் அறுவை மருத்துவர். இருந்திருக்கும், அதுவும் ஸ்கேனில் தென்படவில்லை, அவ்வளவே. டிவி மறுபடி தெளிவாகத் தெரிந்தது. செல்போன் எழுத்து மறுபடி கலைந்தது. “நல்லா கீற கண்ண கெடுத்துட்டீங்களே டாக்டரம்மா,” என்று சாதிக் குறைப்பட்டுக்கொண்டார். பப்பாளி இலையை நிறுத்தியதால்தான் என்று யூசுப் இன்றும் நம்புகிறார்.

வீட்டுக்குப் போகும் நாளில், டியூட்டி டாக்டரை உடன் வைத்துக்கொண்டு சாதிக்கிடம் சொன்னேன்: இனி அந்த எலிப்புழுக்கைத் தூசியைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

அவர் முகம் மாறியது. “அந்த செட்டு பாதிதானே ஆச்சு? மீதிய இன்னிக்கு முடிக்கச் சொல்லி மொதலாளி போன் பண்ணாரே!”

உடனே குடோனுக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார். குடோன் இரைச்சலும் அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் குரலும் அறைக்குள் வந்தன.

“அண்ணாத்தே! எப்டி கீறீங்க? எப்ப வர்றீங்க?”

“டேய், தொடப்பத்த கீழ போடு! மொதல்ல எல்லாரும் வெளிய வா! செல்வம் எங்க?”

“ஊட்ல. நேத்துலேந்து காய்ச்சலு, இடுப்புல வலின்னு லீவு. மழையில நனஞ்சான்ல, டெங்குவா இருக்கும்னாங்க. எதிர்க்க ஆஸ்பத்திரில ட்ரிப்ஸு போட்டுக்கலாம்னு கெளம்பிகினு கீறானாம்.”

நான் வாய் திறப்பதற்குள் டியூட்டி டாக்டர் செல்வத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, தன் போனில் அழைத்துவிட்டாள். மறுமுனையில் ஒரு களைத்த குரல்.

“அண்ணா, சாதிக் பாய் இருக்கிற ஆஸ்பத்திரியிலேந்து டாக்டர் பேசறேன். ஒண்ணுக்கு சரியா போகுதா?”

“இன்னாமா இது? காய்ச்சல்னா பிளேட்லெட்டத்தானே கேப்பாங்க? …கம்மியாத்தான் போவுது. ஏம்மா?”

“எங்கயும் ட்ரிப்ஸ் போட்டுக்காதீங்க,” என்றாள் அவள், வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநரை ஒரு கையால் சைகை காட்டி அழைத்தபடி. “வீட்டு விலாசம் சொல்லுங்க.”